ஈரலில் இருந்த இரும்பு

“ஒரு பெட்டி ஆணியை முழுங்கின கோழியா இருந்தாகூட ஈரல்ல இவ்வளவு இரும்பு வராதும்மா.”

“கோழி எதை முழுங்கிச்சுன்னு நமக்கு எப்படி சார் தெரியும்?”

“அதைத்தான் நானும் சொல்றேன். நமக்குத் தெரியாது. தெரியாத விஷயத்துல முப்பத்தொண்ணு புள்ளி நாலுன்னு எழுதிக் கையெழுத்து போடச் சொல்ற.”

“புள்ளி நாலு உறுத்துதுன்னா எடுத்துடலாம் சார்.”

“அதை எதுக்கு எடுக்கணும்? இதுல நம்பற மாதிரி இருக்கறதே அந்தப் புள்ளி நாலுதான்.”

இப்படிச் சொல்லிவிட்டு உணவுப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, அதில் ஏதோ தவறு இருப்பதுபோல இருபுறமும் திருப்பிப் பார்த்தார். கூடத்தில் அவருக்குத் தசமம் என்று பெயர். புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் போடுவது என்பதில் அவர் யாரோடும் சமாதானமாகப் போனதில்லை. வீட்டில் மனைவி சர்க்கரை எவ்வளவு போட என்று கேட்டால்கூட, எதில் அளந்து என்று கேட்பவர்.

எதிரே நின்றவளுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. உணவில் இருக்கும் சத்துகளைப் பிரித்து அளப்பது அவள் வேலை. வேலையில் அவள் கறார். ஆனாலும் வீட்டில் அவளுக்கு இன்றுவரை பாப்பா என்றுதான் பெயர். அந்தப் பெயர் எப்படியோ வாசல் தாண்டி வந்து கூடத்திலும் உட்கார்ந்துகொண்டது.

அவர்களுக்கு நடுவே மேசையில் இருந்தது ஒரு சின்ன டப்பா. அதனுள்ளே கொத்திய கோழி ஈரல். வேகவைத்த ஈரலை வதக்கிய வெங்காயத்தோடும் அவித்த முட்டையோடும் சேர்த்து அரைத்த, ரொட்டியில் தடவிச் சாப்பிடுகிற பழுப்பு நிற மசியல். பார்வைக்கு எந்த வம்புக்கும் போகாத ஒரு பொருள். புரதம் இருக்க வேண்டிய அளவு இருந்தது. ஃபோலேட்டும் பி பன்னிரண்டும் அள்ளிக் கொட்டியது போல இருந்தன. வைட்டமின் ஏ வழக்கம்போலத் தேவைக்கு மேலேயே இருந்தது. ஈரல் தன் கடமைகளையெல்லாம் ஒழுங்காகச் செய்திருந்தது. இரும்பில் மட்டும்தான் தலைகால் புரியாமல் ஆடியிருந்தது. நூறு கிராமுக்கு ஒன்பதோ பத்தோ மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று.

கூடத்துக்கு வரும் மாதிரிகளில் அனுப்பியவர் பெயர் இருக்காது. எண் மட்டும்தான். ஆனால் மூடியைத் திறந்ததுமே பாப்பாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. வெங்காயத்தைக் கருகப் போகிற கடைசி நொடியில் அடுப்பிலிருந்து இறக்குகிறவள் உலகத்தில் ஒருத்திதான். உடனே தசமத்திடம் போய்ச் சொன்னாள்.

“சார், இது எங்க அக்கா செஞ்சது.”

“தெரியும். வாரா வாரம் நான் சாப்பிடறதுதானே. வேலையை நீ செய், கையெழுத்தை நான் போடறேன். தராசுக்கு அக்கா தங்கச்சி கிடையாது.”

அவர் சொன்னது உண்மை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் அக்கா தங்கைக்கு ஒரு டப்பா ஈரல் கொடுத்தனுப்புவாள். தங்கை அதை அப்படியே கொண்டுவந்து தசமத்தின் மேசையில் வைப்பாள். அவர் மதியம் அதை ரொட்டியில் தடவி, ஓரம்வரை சமமாகப் பரவியிருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவார். காலி டப்பா கழுவித் துடைத்து அக்காவிடம் திரும்பிப் போகும். “நல்லா இருந்துச்சா?” என்று அக்கா கேட்பாள். “சூப்பர்க்கா” என்பாள் பாப்பா. ஒரு துளிகூட மிச்சமில்லாத டப்பாவைப் பார்த்து அக்காவின் முகம் மலரும்.

பாப்பா ஈரல் சாப்பிடமாட்டாள். சின்ன வயதில் சாப்பிட்டதே ஏழு ஜென்மத்துக்குப் போதும். அப்போது அவள் வெளுத்துப்போய், சுவரோடு சுவராக நின்றால் ஆள் தெரியாத மாதிரி இருந்தாள். ரத்தம் போதவில்லை, ஈரல் கொடுங்கள் என்று டாக்டர் சொன்னார். அம்மா வேலைக்குப் போய்விடுவாள். எட்டு வயது மூத்தவளான அக்காதான் தினமும் ஒரு கையால் தங்கையின் மூக்கைப் பிடித்து, மறுகையால் ஈரலை வாயில் திணித்து, விழுங்கும்வரை விடமாட்டாள். பாப்பாவுக்கு உதட்டில் நிறம் வந்தது. கன்னம் வந்தது. அக்காவை எதிர்த்துப் பேசும் தெம்பும் வந்தது. ஆனால் இன்றைக்கும் ஈரல் வாசம் வந்தால் அவள் கை தானாக மூக்கைத் தேடிப் போகும்.

“என் தங்கச்சியை ஈரல் போட்டுத்தான் எழுப்பினேன்” என்று அக்கா போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்வாள். அந்த ஒரு வரியை வைத்துத்தான் அவள் தொழிலே தொடங்கியது. அத்தான் டிரைவராக இருந்த பஸ் கம்பெனியை மூடியபோது, அக்கா சமையலறையில் ஈரலைக் கொத்தத் தொடங்கினாள். இரண்டு தெரு தள்ளி இருந்த முதியோர் இல்லம் வாரத்துக்கு ஒருமுறை வாங்கியது. பல் இல்லாதவர்களுக்கு ஈரலைவிட வசதியான பொருள் வேறு இல்லை. போன மாதம் இல்லத்தின் டாக்டர், பெரியவர்கள் சிலருக்கு ரத்தம் ஏறியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். இனி தினமும் வேண்டும் என்றாள் இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் மேட்ரன். ஆனால் அதற்கு முன்னால் அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கிறது என்று பரிசோதனைக் கூடத்திலிருந்து எழுதி வர வேண்டும்.

அந்த ஆர்டர் கிடைத்தால் தெருமுனையில் காலியாக இருக்கும் கடையை எடுத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் அத்தான் வெளியூருக்குப் போய் லாரி ஓட்டுவதாகப் பேச்சு. போனால் பண்டிகை நாட்களில்தான் பார்க்கலாம். அத்தான் இதைச் சொன்னபோது, அக்கா அடுப்பை அணைக்காமலே அடுப்பைத் துடைத்தாள்.

ஆகவே அந்த முப்பத்தொன்று பாப்பாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. முதலில் கூடத்து மிக்ஸியைத்தான் சந்தேகப்பட்டார்கள். எல்லா மாதிரியையும் அதில் போட்டுத்தான் இன்னொரு சுற்று அரைப்பார்கள். அதன் பிளேடு தேய்ந்து இரும்பு கலந்திருக்கலாம். பாப்பா அடுத்த டப்பாவை மிக்ஸியில் போடாமல் கண்ணாடிக் கோலால் கலந்து, கிண்ணத்தில் வைத்துச் சூளையில் எரித்தாள். கதவைத் திறந்தபோது கிண்ணத்தின் அடியில், மேலிருந்து பார்க்கும் ஒரு பாலைவனம் போலச் சிவந்த சாம்பல் கிடந்தது. யாரும் நடந்திராத பாலைவனம். அதைக் கரைத்து அளந்தாள். முப்பத்திரண்டு.

“கூடிடுச்சு” என்றார் தசமம்.

பாப்பா யோசித்தாள். பிறகு ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஈரலை வெந்நீரில் கரைத்த குவளைக்குள் விட்டு மெதுவாகக் கலக்கினாள். ஈரலுக்குள் இயற்கையாக இருக்கும் இரும்பு காந்தத்தைக் கண்டுகொள்ளாது. அது புரதத்தோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். காந்தத்தை வெளியே எடுத்தபோது அதன் நுனியில் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது. இரண்டு நாள் சவரம் செய்யாத முகவாய் மாதிரி.

இருவரும் அந்த முகவாயைப் பார்த்தார்கள்.

“இது கோழியோடது இல்ல” என்றார் தசமம்.

“இல்ல சார்.”

“நான் சாப்பிட்டிருக்கேன்.”

“ஆமா சார்.”

“ரெண்டு வருஷமா.”

தசமம் தன் வயிற்றை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். பிறகு காந்தத்தைக் கையில் எடுத்தார். சட்டைக்கு அருகே கொண்டுபோகலாமா என்று யோசிப்பவர்போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே வைத்தார்.

“வா, உங்க அக்கா வீட்டுக்குப் போகலாம். எதுல கொத்தறாங்கன்னு பாக்கணும்.”

அக்காவின் சமையலறையில் ஜன்னலோரம் ஒரு மேசை. அதன் விளிம்பில் திருகி மாட்டிய கைமா மெஷின். மேலே புனல் போன்ற வாய், பக்கத்தில் கைப்பிடி, முன்னால் ஓட்டை ஓட்டையான தட்டு. மூடிப்போன ஒரு கேன்டீனிலிருந்து பழைய இரும்பு விலைக்கு அத்தான் வாங்கி வந்தது. பஸ் போன பிறகு அவர் கைக்குக் கிடைத்த ஒரே வண்டி. தினமும் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார்.

அவர்கள் போனபோது அத்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார். தட்டின் ஓட்டைகள் வழியே ஈரல் புழுப்புழுவாக வந்து பாத்திரத்தில் விழுந்தது. கிர்ர், கிர்ர் என்று ஒரு சத்தம்.

“வாங்க சார், வாங்க” என்று அத்தான் எழுந்தார். “பாப்பா நீங்க வர்றதா சொல்லவே இல்ல. இவ ஒருத்தி, வாயைத் திறந்தாதானே.”

“அத்தான், இந்தச் சத்தம் எப்பவும் வருமா?”

“எந்தச் சத்தம்? ஓ, இதுவா. இது நல்ல சத்தம்மா. இது வந்தாதான் நைசா அரையுதுன்னு அர்த்தம்.”

“கொஞ்சம் கழட்டிக் காட்டறீங்களா?”

அத்தானுக்கு வாயெல்லாம் பல். தன் மெஷினைக் கழற்றிக் காட்டச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. முன்பக்க வளையத்தைச் சுற்றிக் கழற்றினார். தட்டை எடுத்தார். அதன் பின்னாலிருந்த கத்தியை எடுத்து உள்ளங்கையில் வைத்து நீட்டினார். ஒரு காலத்தில் நான்கு அகன்ற இதழ்களோடு இருந்திருக்க வேண்டிய கத்தி. இப்போது நான்கு காம்புகள்தான் மிச்சம். அதன் பின்னே தண்டில் வரிசையாக வாஷர்கள் கோத்திருந்தன.

“இது என்ன அத்தான், இத்தனை வாஷர்?”

“அதுவா? மேட்ரனம்மா என்ன சொன்னாங்க? பெரியவங்களுக்குப் பல்லு கிடையாது, பூ மாதிரி இருக்கணும்னாங்க. கத்தி தட்டோட ஒட்டி உரசினாத்தான் பூ மாதிரி வரும். கொஞ்ச நாள்ல லூசாயிடும். ஒரு வாஷர் போட்டு டைட் பண்ணுவேன். அப்புறம் மறுபடி லூசாகும், மறுபடி ஒரு வாஷர். பிரேக் அட்ஜஸ்ட் பண்ற மாதிரிதான்.”

“ஏன் லூசாகுதுன்னு நீங்க யோசிக்கலையா?”

அத்தான் யோசித்தார். இந்த நிமிடத்தில்தான் முதல்முறையாக யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. கத்தியைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். தட்டின் நடுவே குளம்போலக் குழிந்திருந்தது.

“தேயுது” என்றார்.

“தேஞ்சது எங்க போச்சு அத்தான்?”

கேள்வி சமையலறையில் கொஞ்ச நேரம் அலைந்து, கடைசியில் அந்தப் பாத்திரத்தில் போய் விழுந்தது. எல்லோரும் பாத்திரத்தைப் பார்த்தார்கள். அக்கா முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அப்ப என் ஈரல்ல சத்தே இல்லன்னு சொல்ல வர்றியா?”

“இல்லக்கா. ஈரல்ல இருக்க வேண்டிய சத்தெல்லாம் இருக்கு. கூடவே மெஷினும் இருக்கு.”

“இரும்புச் சத்துன்னா இரும்புதானே?” என்றார் அத்தான், மெதுவாக. “கூட இருந்தா நல்லதுதானே? பெரியவங்களுக்கு ரத்தம் ஏறியிருக்குன்னு டாக்டரே சொல்லியிருக்காரு. யாருக்காவது ஏதாவது ஆச்சா? நீ பாட்டுக்கு ஈரல்லயே இவ்வளவுன்னு எழுதிடு. கத்தியை நான் நாளைக்கே மாத்திடறேன்.”

“கத்தியை மாத்தினா எண்ணும் மாறிடும் அத்தான்.”

“அப்ப மாத்தல.”

“யோவ்!” என்றாள் அக்கா. அவள் கணவரை அப்படி அழைத்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்று அர்த்தம். “பிள்ளைங்க தங்க பெத்தவங்களை நம்பி விட்டுட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்கு நான் மெஷினைத் தின்னக் குடுப்பேனா?”

இந்த நேரத்தில் தசமம் தேய்ந்த கத்தியைக் கையில் வாங்கி எடை பார்ப்பதுபோல ஏந்திக்கொண்டிருந்தார். அவருக்கு வேறு ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“இது புதுசா இருந்தப்போ எவ்வளவு கனம் இருந்திருக்கும்?” என்று கேட்டார். “பாதிக்கு மேல போயிருக்கு. அதுல என் பங்கு ஒரு சின்ன ஸ்குரூ அளவாவது இருக்கும்.”

“உங்க பங்கா சார்?” என்றாள் அக்கா.

“வாரா வாரம் ஒரு டப்பாம்மா. திங்கட்கிழமை திங்கட்கிழமை பாப்பா கொண்டுவந்து தருவா. ஒரு வாரம்கூடத் தவறினதில்ல. ருசி அபாரம், அதைச் சொல்லியே ஆகணும்.”

பாப்பா ஜன்னல் பக்கம் திரும்பினாள். வெளியே ஒரு துணிக்கொடி, அதில் ஒற்றைக் காலுறை. அந்தக் காலுறையின் ஜோடி எங்கே போயிருக்கும் என்பது திடீரென்று அவளுக்கு மிகவும் முக்கியமாகப்பட்டது.

அக்கா அலமாரியைத் திறந்தாள். கழுவித் துடைத்து அடுக்கியிருந்த திங்கட்கிழமை டப்பாக்களைப் பார்த்தாள். மூடினாள்.

“சார், டீ குடிக்கறீங்களா?” என்றாள்.

அன்று மாலையே அக்கா மேட்ரனுக்குப் போன் செய்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே செய்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல நின்றபடி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

“தேஞ்ச இரும்பு இப்ப எங்க இருக்கு?” என்றது மேட்ரனின் குரல்.

“உங்ககிட்டதான் மேடம்.”

“என்கிட்டயா?”

“இல்ல, பெரியவங்ககிட்ட.”

மேட்ரன் கத்தியிருந்தால் அக்காவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் கத்தவில்லை. மீதியிருக்கும் டப்பாக்களை யாரும் தொடக்கூடாது, டாக்டரை வரவழைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அந்த இரவு அத்தான் லாரிக்காரருக்குப் போன் செய்து, இடம் இன்னும் காலியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் அவர்.

டாக்டர் வந்தார். எல்லோரையும் படுக்கவைத்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஒவ்வொருவர் ரத்தத்தையும் எடுத்து அனுப்பினார். யாருக்கும் எதுவும் ஆகியிருக்கவில்லை. இத்தோடு நிறுத்தியதுதான் நல்லது என்று மட்டும் சொன்னார். செய்தி இல்லம் முழுக்கப் பரவியது. பெரியவர்கள் பயப்படுவார்கள் என்று நினைத்தால், அவர்கள் இதுபோல ஒரு விசேஷம் நடந்து நாளாயிற்று என்று சந்தோஷப்பட்டார்கள். கூட்ஸ் ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர், “ஆயுசு முழுக்க இரும்பு மேல ஓடினேன். இப்ப இரும்பு எனக்குள்ள ஓடுது” என்று மேட்ரனிடம் சொன்னார். சொல்லிவிட்டு, திங்கட்கிழமை ஈரல் உண்டா என்று கேட்டார்.

மேட்ரன் அக்கா வீட்டுக்கே வந்தாள். அகலமான கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

“நீங்களே சொன்னதால வந்திருக்கேன். வேற யாராவது சொல்லிக் கேட்டிருந்தா வந்திருக்க மாட்டேன். மெஷின் இல்லாம செய்ய முடியுமா?”

“கத்தியால கொத்துவேன் மேடம். பலகையில வச்சு. பூ மாதிரி வரும்.”

“பரிசோதனைக் கூடத்துல குடுங்க. ஒன்பதோ பத்தோ, எது வருதோ அது போதும். எண்ணைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. ஆனா அவங்க சாப்பிடணும். அவங்க நாக்கு உங்க பழைய ருசிக்குப் பழகிடுச்சு. வயசானவங்க ஒரு தடவை தட்டைத் தள்ளிட்டா, அப்புறம் தலைகீழா நின்னாலும் தொடமாட்டாங்க. தட்டுல இருக்கிற சத்தை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? வயித்துக்குள்ள போனாத்தானே சத்து. கொண்டு வாங்க, சாப்பிடட்டும். சாப்பிட்டா தினமும் எடுத்துக்கறேன். தள்ளிட்டா, இதோட விட்டுடுவோம்.”

கத்தியால் கொத்திய ஈரல் கூடத்துக்கு வந்தது. பாப்பா எரித்தாள், கரைத்தாள், அளந்தாள். காந்தத்தை விட்டுக் கலக்கினாள். காந்தம் முகம் மழித்துக்கொண்டு வெளியே வந்தது. இரும்பு ஒன்பது புள்ளி எட்டு. தசமம் அதை ஒரு கவிதையைப் படிப்பதுபோல இரண்டுமுறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு மாதிரியில் மிச்சமிருந்ததைப் பார்த்து, ஒரு ரொட்டியை எடுத்துத் தடவிக் கடித்தார். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

“எப்படி சார் இருக்கு?”

“தப்பு ஒண்ணும் இல்ல.”

“அப்ப?”

“என்னமோ குறையுது. ஆனா என்னைக் கேக்காதே. நான் ரெண்டு வருஷமா தப்பான அளவுகோல்.”

மறுநாள் காலையில் இல்லத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அதற்கு முந்தின மாலை பாப்பா அறிக்கையை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். சமையலறையில் அந்த டப்பாப் பேச்சு வந்த நாளிலிருந்து அக்கா அவளிடம் எப்போதும்போலத்தான் பேசினாள். வந்தாயா, சாப்பிட்டாயா, தலை ஏன் இப்படி இருக்கிறது. ஆனால் திங்கட்கிழமை டப்பா மட்டும் வரவில்லை. பாப்பாவும் கேட்கவில்லை. கேட்க என்ன வாய் இருக்கிறது?

கைமா மெஷினை அத்தான் மேசையிலிருந்து கழற்றி, ஒரு பழைய துண்டில் சுற்றி மூலையில் வைத்திருந்தார். பக்கத்திலேயே அவருடைய பயணப் பெட்டி. இரண்டில் எது முதலில் வீட்டைவிட்டுக் கிளம்பும் என்று சொல்ல முடியாதபடி இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தன. அக்கா பலகையில் ஈரலைக் கொத்திக்கொண்டிருந்தாள். டக்டக், டக்டக் என்ற அந்தச் சத்தம், பக்கத்து அறையில் யாரோ ஒரு நீண்ட கடிதத்தைத் தட்டச்சு செய்வதுபோல நிற்காமல் கேட்டது.

“ஒன்பது புள்ளி எட்டுக்கா. சார் கையெழுத்துப் போட்டுட்டார்.”

“வச்சுட்டுப் போ... இல்ல, இரு.”

அக்கா கத்தியின் முதுகால் ஈரலை வழித்துக் கிண்ணத்தில் சேர்த்தாள். வெங்காயத்தைக் கருகப் போகிற நொடியில் இறக்கினாள். முட்டையை மசித்தாள். உப்புப் போட்டாள். ஒரு விரல் எடுத்து நாக்கில் வைத்தாள். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதுதான் கவலை. அத்தானிடம் நாக்கை நீட்டச் சொல்லி அதிலும் கொஞ்சம் வைத்தாள்.

“எப்படி?”

“நல்லாருக்கு” என்றார் அத்தான்.

“பொய் சொல்லாதீங்க.”

“நல்லாத்தான் இருக்கு. ஆனா சாதுவா இருக்கு. முன்னாடி ஒரு பிடிமானம் இருக்கும். பிரேக்குல கால் வச்ச மாதிரி.”

“அது பிரேக்கு இல்ல, கத்தி” என்றாள் அக்கா. கிண்ணத்தை இன்னொரு முறை கிளறினாள். “எனக்கும் சப்புன்னுதான் இருக்கு. உப்பு கம்மியா, வெங்காயம் கம்மியா, இல்ல என் நாக்கே கெட்டுப்போச்சா, ஒண்ணும் புரியல. ரெண்டு வருஷமா இதைத்தான் ருசி பாத்துப் பாத்துப் போட்டுட்டு இருந்தேன். இப்ப எது என் கை ருசி, எது மெஷின் ருசின்னே தெரியல. இவரைக் கேட்டா இவரும் அதையே தின்னவரு. உங்க சார் தின்னவரு. அந்தப் பெரியவங்க அத்தனை பேரும் தின்னவங்க. நாளைக்கு அவங்க தட்டைத் தள்ளினா, ஈரல் சரியில்லன்னு தள்ளறாங்களா, இரும்பு இல்லன்னு தள்ளறாங்களான்னு நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்?”

அதை அளக்கக் கூடத்தில் கருவி கிடையாது.

அக்கா ஒரு ரொட்டித் துண்டை எடுத்தாள். கிண்ணத்திலிருந்து ஈரலை எடுத்து, ஓரம்வரை மெதுவாகத் தடவினாள். அத்தான் எழுந்து, தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு வெளியே போனார். அறை முழுக்க அந்த வாசம். பாப்பாவின் கை தன்னையறியாமல் மூக்குவரை உயர்ந்து, அக்கா பார்த்ததும் நெற்றிமுடியை ஒதுக்கிக்கொண்டு கீழே இறங்கியது.

“பரவாயில்ல” என்றாள் அக்கா. “தெரியும். எப்பவோ தெரிஞ்சிருக்கணும். ஒருநாள்கூட உன் டப்பாவுல ஒரு ஓரம் மிச்சம் வந்ததில்ல. மனுஷன் சாப்பிட்டா ஏதாவது மிச்சம் வரும்.”

“அக்கா, நான் வந்து...”

“நீ ஒண்ணும் சொல்லாதே. கோவம் இல்ல. யோசிச்சுப் பாத்தா இந்த வீட்டைச் சேர்ந்தவங்கள்ல உன் நாக்கு ஒண்ணுதான் சுத்தமா இருக்கு. மெஷின் பட்டதே இல்ல.”

அவள் ரொட்டித் துண்டை இரண்டு கையாலும் பிடித்து, தங்கையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். இந்தமுறை அவளுக்கு மூக்கைப் பிடிக்கக் கை மிச்சமில்லை.

“புரதம், அது இதுன்னு எதுவும் எனக்கு வேணாம். புள்ளி எட்டும் வேணாம். ஒரே ஒரு வாய் சாப்பிட்டு, நல்லாருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு பாப்பா.”